ஊர் அமைப்பும் உடல் நலமும்

நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர். சென்ற ஆண்டு அவருக்கு நீரிழிவு நோய் கண்டது. மருந்து உண்பதோடு நாள்தோறும் அரைமணி நேரமாவது நடக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். பெரியவரும் அவ்வாறே விடியற்காலையில் நடக்கத் தொடங்கினார். வீட்டை விட்டுப் புறப்பட்டால் அவர் நடக்கக்கூடிய இடம் நெடுஞ்சாலையின் ஓரம் ஒன்றே. அங்கே நடைபாதை இல்லை, விளக்கு இல்லை, ஓரத்து மண்ணும் மழைநீர் அறுத்த பள்ளமாகக் கிடக்கிறது. நான்காம் நாள் பின்னால் வந்த லாரி ஒன்று உராய்ந்து செல்ல, அவர் கையில் காயத்தோடு வீடு திரும்பினார். அதன்பின் அவர் நடக்கவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் சென்றபோது, சொன்னபடி நடக்காததற்காகக் கடிந்துரையும் பெற்றார்.

இதில் குற்றம் யாருடையது? மருத்துவர் கூறியது சரியே. பெரியவரிடமும் மன உறுதிக்குக் குறைவில்லை. குறைவாயிருந்தது நடப்பதற்கு ஒரு பாதை மட்டுமே. மனிதர் உடலை அசைத்து வாழ்வதும் அசையாது வாழ்வதும் அவரவர் விருப்பத்தை மட்டும் பொறுத்தவை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் தெரு எவ்வாறு அமைந்திருக்கிறது, அதில் யாருக்கு முதலிடம், விதிகள் யாருக்குச் சாதகம் என்பவையே பெரும்பாலும் அதை முடிவு செய்கின்றன. இதைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு அங்கத்தினர்களுக்கு விளக்குவது நமது நோக்கம்.

தொழில் அமைத்த தெரு

இக்கருத்து நமக்குப் புதிதன்று. நெசவாளர் வாழும் பழைய தெருக்களைப் பாருங்கள். அவை அகலமாகவும் நேராகவும் அமைந்திருக்கும். பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவதற்கு அத்தகைய தெரு வேண்டியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால், விடியற்காலையிலேயே குடும்பம் முழுவதும் தெருவுக்கு வந்துவிடும். பாவின் இருபுறமும் பலமுறை நடந்து, அறுந்த இழைகளை முடிந்து சீர் செய்வார்கள். தறிக்குழியில் மணிக்கணக்காக ஒரே நிலையில் இருந்த இடுப்புக்கும் முதுகுக்கும் அந்த நடை ஒரு மாற்றாக இருந்தது. யாரும் அதை உடற்பயிற்சி என்று அழைத்ததில்லை. தெரு அமைந்த விதமே அதைத் தந்தது.

விவசாயிகளின் நிலையும் அதுவே. வரப்பும் ஏரிக்கரையும் வண்டிப்பாதையும் அவர்களுக்கு நடைபாதைகளாக இருந்தன. இன்று பாவு பல ஊர்களில் ஆலையிலிருந்தே தயாராக வருகிறது. கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்துவிட்டது. ஏர் ஓடிய நிலத்தில் டிராக்டர் ஓடுகிறது. இரண்டு பர்லாங்கு தூரத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கிறது. பள்ளிக்கு நடந்து சென்ற சிறுவர்கள் வேனில் ஏற்றிச் செல்லப்படுகிறார்கள். நெசவாளர் தெருக்களிலும் வண்டிகள் நிறுத்தப்பட்டு, திண்ணைக்கும் சாலைக்கும் இடையே கால் வைக்க இடமில்லை.

உழைப்பு குறைந்ததற்காக நாம் வருந்தவில்லை. முதுகை முறிக்கும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது நன்மையே. நாள் முழுவதும் குனிந்து நாற்று நடும் பெண்ணிடம் உடற்பயிற்சி செய்யுமாறு கூறுவது பேதைமை; அவருக்கு வேண்டியது ஓய்வு. ஆனால், அமர்ந்தே வேலை செய்து, அமர்ந்தே பயணம் செய்து, அமர்ந்தே பொழுதுபோக்குபவர்களின் தொகை நமது ஊர்களிலும் பெருகிவருகிறது. அதன் விளைவைத்தான் மருத்துவமனைகளில் காண்கிறோம்.

வேண்டிய அளவு எவ்வளவு?

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடல் உழைப்பில் ஈடுபடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சுறுசுறுப்பான நடையும், சைக்கிள் ஓட்டுவதும், தோட்ட வேலையும் இதில் அடங்கும். சிறுவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம் வேண்டும். 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ 31 சதவிகிதத்தினர் இந்த அளவை எட்டவில்லை என்று 2024-ல் வெளியான கணக்கு காட்டுகிறது. இந்தியாவில் இது ஏறக்குறைய பாதியாகும். நம் நாட்டில் சுமார் 10 கோடி மக்கள் நீரிழிவு நோயால் பீடிக்கப்பட்டிருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் அறிவித்தது. நீரிழிவுக்கு உணவும் பரம்பரையும் வேறு பலவும் காரணங்கள் ஆகும். எனினும் அசையாமை அவற்றுள் முக்கியமான ஒன்று. நம்மால் திருத்தத்தக்கதும் ஆகும்.

பஸ் ஓட்டுநரும் நடத்துநரும்

உடல் அசைவுக்கும் இருதய நோய்க்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று லண்டனில் நடந்தது. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் லண்டன் நகரின் மாடி பஸ்களில் பணிபுரிந்தோரை ஆராய்ந்து, 1953-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓட்டுநர் தம் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பவர். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 750 படிகள் ஏறுபவர். இருவருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே விதமான வாழ்க்கை. ஆயினும் நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்தி வந்தது. தபாலை நடந்தும் சைக்கிளிலும் கொண்டு சேர்த்தவர்களுக்கும், தபால் இலாகாவில் அமர்ந்து வேலை செய்தவர்களுக்கும் இடையே இத்தகைய வேறுபாடே காணப்பட்டது.

துணியோடு தொழில் செய்யும் நமக்குச் சுவையான செய்தி ஒன்றும் இதில் உண்டு. பஸ் தொழிலாளர்களுக்குச் சீருடை தைத்த அளவுக் கணக்குகளை அதே ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து, 1956-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு, வேலையில் சேரும் காலத்திலேயே நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது தெரியவந்தது. ஆகவே வேறுபாடு முழுவதையும் வேலையின்மேல் ஏற்றிச் சொல்லமுடியாது என்று அவர்களே எச்சரித்தார்கள். தம் முடிவைத் தாமே சோதித்துப் பார்த்த அவர்களுடைய நேர்மை பாராட்டத்தக்கது. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும், உடல் அசைவு இருதயத்தைக் காக்கிறது என்பதை உறுதிப்படுத்தின.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்த நடத்துநர்கள் உடல் நலத்தை எண்ணிப் படி ஏறவில்லை. பஸ் அவ்வாறு கட்டப்பட்டிருந்தது, ஆகவே ஏறினார்கள். பஸ்ஸுக்கு உண்மையானது ஊருக்கும் உண்மையாகும் அல்லவா?

நெதர்லாந்து திரும்பி வந்த வழி

இதற்குச் சிறந்த சான்று நெதர்லாந்து நாடு. அங்கே மக்கள் செய்யும் பயணங்களில் கால்பங்குக்கும் மேற்பட்டவை இன்று சைக்கிளில் நடக்கின்றன. அது அவர்களுடைய பழக்கம், நிலமும் சமதளம் என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாடும் மோட்டார் கார் மோகத்தில் ஆழ்ந்தது. 1950-களிலும் 1960-களிலும் சாலைகள் காருக்காகவே அகலமாக்கப்பட்டன. சைக்கிள் பயணம் விரைவாகக் குறைந்தது. அப்போதும் நிலம் சமதளமாகத்தான் இருந்தது.

1971-ல் மட்டும் அச்சிறு நாட்டில் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 1972-ல் இதைக் குழந்தைக் கொலை என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். அப்பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. பெற்றோர்களும் குழந்தைகளும் ஆபத்தான தெருக்களில் இறங்கி வழியை மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே அரசாங்கம் தடை செய்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் சென்றார்கள். சாலை வேறுவிதமாகவும் இருக்கமுடியும் என்பதை நாடே கண்டது.

அதன்பின் அவர்கள் செய்தவற்றில் நமக்குப் பயன்படும் பாடங்கள் மூன்று.

முதலாவது, குடியிருப்புத் தெருவின் விதியை மாற்றியது. டெல்ஃப்ட் நகரில் தொடங்கிய முயற்சியை ஒட்டி, 1976-ல் குடியிருப்புத் தெருக்களுக்கெனச் சட்ட விதிகள் வகுக்கப்பட்டன. அத்தகைய தெருவின் முழு அகலத்திலும் மக்கள் நடக்கலாம், குழந்தைகள் விளையாடலாம், கார் மனிதர் நடக்கும் வேகத்திலேயே செல்லவேண்டும். வேகத்தைத் தடுக்கச் செடித்தொட்டிகளும் மரங்களும் வளைவுகளும் அமைக்கப்பட்டன.

இரண்டாவது, பாதைகளை வலையாகப் பின்னியது. 1970-களின் இடையில் அரசாங்கம் பொருளுதவி செய்து, ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் ஒவ்வொரு நல்ல சைக்கிள் பாதையை மாதிரியாக அமைத்தது. ஹேக் நகரில் கடைக்காரர்கள் வாணிபம் கெடும் என்று எதிர்த்தார்கள். பாதையில் சென்றவர்களுக்குப் பாதுகாப்புக் கூடியது. ஆனால் புதிதாகச் சைக்கிளுக்கு மாறியவர்கள் அதிகமில்லை. 1980-களில் டெல்ஃப்டில் ஊர் முழுவதும் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்தபோதுதான் சைக்கிள் பயணம் பெருகியது. நெசவாளர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? ஓர் இழை துணி ஆகாது. பாவும் ஊடையும் இணைந்தால்தான் துணி.

மூன்றாவது, அருகிலுள்ள இடத்திற்குச் சைக்கிளில் செல்வதே எளிது என்று ஆக்கியது. ஹவுட்டன் என்னும் ஊர் சிறு கிராமமாக இருந்து 1970-களுக்குப் பின் திட்டமிட்டு வளர்க்கப்பட்ட நகரம். அங்கே ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குக் காரில் செல்வோர், ஊரைச் சுற்றியுள்ள வட்டச்சாலைக்குப் போய்த்தான் திரும்பவேண்டும். நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் ஊரின் நடுவே நேராகச் செல்லலாம். பள்ளிகளும் கடைகளும் இப்பாதைகளை ஒட்டியே அமைந்துள்ளன. அவ்வூரில் யாரையும் உபதேசம் செய்து சைக்கிளில் ஏற்றவேண்டியதில்லை.

இவ்வாறு அரை நூற்றாண்டு உழைத்ததன் பயனாக, மக்கள்தொகையும் வாகனங்களும் பெருகியுள்ளபோதிலும், அந்நாட்டில் ஆண்டுதோறும் சாலையில் மாண்டவர் தொகை அண்மைக் காலத்தில் 800-க்கும் கீழே நின்றுள்ளது.

கட்டாமலே ஒரு வழி

இத்தனையும் பணமுள்ள நாட்டுக்கே இயலும் என்று சிலர் கூறலாம். கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டா பணக்கார நகரம் அன்று. அங்கே 1974 டிசம்பரில் சைக்கிள் அன்பர்கள் கேட்டுக்கொண்டபடி சில பெரிய சாலைகள் சில மணி நேரம் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டன. அது பின்னர் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. ஞாயிறுதோறும், விடுமுறை நாட்களிலும், காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்குச் சாலைகள் மக்களுக்கு விடப்படுகின்றன. நடப்போரும் ஓடுவோரும் சைக்கிள் ஓட்டுவோரும் குழந்தைகளும் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். புதிய சாலை எதுவும் போடவில்லை. இருக்கும் சாலையின் நேரத்தையே பங்கிட்டார்கள். விதி ஒன்றினால் மட்டும் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இது உதாரணம்.

புதுக்கோட்டைப் பெண்கள்

நமது நாட்டிலேயே நாம் பெருமைப்படத்தக்க நிகழ்ச்சி ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது. அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அவ்வியக்கத்தின் அங்கமாக ஆக்கினார். பெண் சைக்கிள் ஓட்டுவதை ஊரார் ஏளனம் செய்த காலம் அது. ஆயினும் விவசாயத் தொழிலாளர்கள், கல்லுடைக்கும் பெண்கள், ஆசிரியைகள், கிராம செவிலியர்கள் என்று பல்லாயிரக்கணக்கானோர் கற்றார்கள். வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. பெண்களுக்கான சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அவர்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள்.

விளைபொருளை விற்கும் பெண், பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் முன்னிலும் அதிகமான ஊர்களுக்குச் சென்று விற்று, நேரத்தோடு வீடு திரும்ப முடிந்தது. தண்ணீர் கொண்டுவரவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் சைக்கிள் உதவியது. நலம் என்று எண்ணி யாரும் அதில் ஏறவில்லை. விடுதலை என்று எண்ணி ஏறினார்கள். பின்னர் 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கிய தமிழக அரசு, அத்திட்டத்தைப் படிப்படியாக ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிவுபடுத்தியது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். சைக்கிள் கொடுத்தோம், அது செல்லும் பாதையைக் கொடுக்கவில்லை. லாரியும் பஸ்ஸும் விரையும் சாலையில் மகளைச் சைக்கிளில் அனுப்ப அஞ்சும் தாய், வேனுக்குப் பணம் கட்டுகிறாள். நமது பெரியவரின் கதைதான் அது.

நமது சங்கங்கள் செய்யத்தக்கவை

சாலை அமைப்பது சங்கத்தின் வேலையா என்று கேட்கலாம். 1995-ல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் மான்செஸ்டர் நகரில் கூடியபோது, சமுதாயத்தின்பால் அக்கறை என்பதை ஏழாவது கூட்டுறவுக் கொள்கையாகச் சேர்த்தது. அன்றியும், தெரு என்பது யாரும் தனியாக வாங்கமுடியாத பொருள். தனியாக வாங்கமுடியாததைக் கூடிப் பெறுவதற்காகத்தானே சங்கம் கண்டோம்? ஆகவே கீழ்க்கண்டவற்றை அங்கத்தினர்களின் ஆலோசனைக்கு வைக்கிறோம்.

1. ஒவ்வொரு சங்கமும் தன் ஊரில் அங்கத்தினர் குடும்பங்கள் நாள்தோறும் செல்லும் இடங்களைக் கணக்கெடுக்கட்டும்: பள்ளி, பால் கொள்முதல் நிலையம், நியாயவிலைக் கடை, சங்கக் கட்டிடம், பஸ் நிறுத்தம். எந்த இடத்தில் வழி அறுபடுகிறது, எங்கே விளக்கில்லை, எங்கே சாலையைக் கடக்க முடியவில்லை என்பதை நடந்தே பார்த்து எழுதட்டும். முதியவர் ஒருவரையும் பள்ளிச் சிறுமி ஒருத்தியையும் உடன் அழைத்துச் செல்வது நன்று.

2. அக்கணக்கைக் கிராம சபையின் முன் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. தனி மனிதரின் மனு மேசையில் உறங்கலாம். சபையின் தீர்மானத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

3. பாதை கேட்கும்போது நிழலையும் சேர்த்துக் கேட்கவேண்டும். நமது வெயிலில் மரமில்லாத நடைபாதை பகல் முழுவதும் பயனற்றது. புளியும் வேம்பும் புங்கமும் நடுவதும், இருப்பதை வெட்டாமல் காப்பதும் பாதை அமைப்பின் பகுதியே. ஏரிக்கரைகளில் முள் அகற்றி, மண் இறுக்கி, மரம் வைத்தால் செலவு குறைந்த நடைபாதை கிடைக்கும். கரையும் காவல் பெறும்.

4. நெசவாளர் தெருக்களில் காலையில் சில மணி நேரம் வாகனங்களை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைத் தெருவாரே பேசி முடிவு செய்யலாம். பாவு போட்ட காலத்தில் அத்தெருக்களில் வண்டி காத்து நின்றதல்லவா? இன்று முதியவரின் நடைக்காகவும் பிள்ளைகளின் விளையாட்டுக்காகவும் காத்து நிற்பதில் இழுக்கில்லை.

5. கடன் கொடுக்கும் சங்கங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் கடன் கொடுப்பதைப்போல, விதிகள் இடம் தரும் அளவில், சாதாரண சைக்கிளுக்கும் எளிய தவணையில் சிறுகடன் கொடுக்க முன்வரலாம். சங்கக் கட்டிடத்தின் முன்னே சைக்கிள் நிறுத்த ஒரு நிழற்கொட்டகையும் அமைக்கலாம்.

6. தறிக்கூடங்களில் மணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடக்கும் வழக்கத்தைக் கொண்டுவரவேண்டும். கூலி குறையும் என்ற அச்சம் இல்லாதவாறு சங்கமே இதை ஏற்பாடு செய்தால்தான் நடக்கும்.

இவற்றில் எதுவும் ஒரு மாதத்தில் முடியாது. நெதர்லாந்தினருக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஆனால் அவர்களும் ஓர் ஆபத்தான தெருவில், சில பெற்றோர்களோடுதான் தொடங்கினார்கள். நமது ஊரில் அந்த நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளத்தை மேடாக்கி, முந்நூறு கஜ தூரம் நடைபாதையும் நான்கு விளக்குகளும் வேண்டுமென்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர நமது நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. அத்தீர்மானத்தை முன்மொழியப் பெரியவரே இசைந்திருக்கிறார். அன்று அங்கத்தினர் அனைவரும் தவறாது வந்து கை உயர்த்த வேண்டுகிறோம். பெரியவர் மீண்டும் நடக்கவேண்டும் என்று விரும்பினால், அதற்கு நாம் செய்யவேண்டிய முதல் வேலை அதுவே.